மூட்டை மூட்டையாய் மண். ஒரு சிட்டிகை ரேடியம்!

குட்டீஸ்! அரிசியில் கல் கலந்துவிட்டால் என்ன செய்வோம்? முறத்தில் போட்டுப் புடைத்து, கல்லைப் பொறுக்கி எடுத்துவிடலாம். ஆனால், பத்து லட்சம் அரிசிக்கு நடுவில் ஒரே ஒரு வேறு ஜாதி அரிசி மட்டும் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கவும் தொடவும் அது மற்ற அரிசியைப் போலவேதான் இருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடித்துப் பிரிப்பது?

தலை சுற்றுகிறதா? இதைவிடக் கடினமான ஒரு வேலையை, ஒழுகும் கொட்டகை ஒன்றில், ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் செய்து முடித்தார் ஒரு பெண்மணி. அவர்தான் மேரி கியூரி.

போலந்தில் ஒரு சிறுமி

போலந்து நாட்டின் வார்சா நகரில், 1867-ம் ஆண்டு நவம்பர் 7-ம் தேதி பிறந்தார் மரியா ஸ்க்ளோடோவ்ஸ்கா. ஐந்து பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. வீட்டில் எல்லோரும் மான்யா என்று செல்லமாக அழைத்தனர். அப்பா கணக்கும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியர். அம்மா பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தியவர்.

அப்போது வார்சா ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியான போலிஷ் மொழியில் படிக்கக்கூடாது என்பது ரஷ்யர்களின் கட்டளை. ஆனாலும் மான்யாவின் பள்ளியில் ரகசியமாகப் போலந்து வரலாற்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். ரஷ்ய அதிகாரி வரும்போது புத்தகங்கள் சட்டென்று மறைந்துவிடும். அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு ரஷ்ய மொழியில் தவறில்லாமல் பதில் சொல்ல, நன்றாகப் படிக்கும் மான்யாவைத்தான் எழுப்பி நிறுத்துவார் ஆசிரியை. பதில் சொல்லி முடிப்பதற்குள் பயத்தில் அந்தச் சிறுமிக்கு அழுகையே வந்துவிடும்.

மான்யாவுக்குப் பத்து வயதானபோது, காச நோயால் அம்மா இறந்துபோனார். அதற்கு முன்பே மூத்த அக்காவும் காய்ச்சலில் இறந்திருந்தார். துக்கத்தை மறக்கப் புத்தகங்களே துணையாயின. 1883-ல், 15 வயதில், தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்தார்.

அடுத்து கல்லூரி. ஆனால், வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது! பாரிஸ் போய்ப் படிக்கலாம் என்றால் கையில் பணம் இல்லை. மான்யாவும் அக்கா புரோனியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். முதலில் அக்கா பாரிஸ் சென்று மருத்துவம் படிக்க வேண்டும். தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்ப வேண்டும். அக்கா மருத்துவர் ஆனதும், தங்கையைப் படிக்க வைக்க வேண்டும்.

சொன்னபடியே செய்தார் மான்யா. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலைக்குப் போனார். பகலெல்லாம் வேலை, இரவில் தானே இயற்பியலும் கணக்கும் படிப்பார். அந்தக் கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுதப் படிக்கவும் கற்றுக் கொடுத்தார். இது தெரிந்தால் ரஷ்ய அரசு தண்டிக்கும். அதைத் தெரிந்துதான் செய்தார்.

பாரிஸ் மாடியறை

1891-ம் ஆண்டு, 24 வயதில், பாரிஸ் வந்து சோர்போன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே மரியா என்ற பெயர் மேரி ஆயிற்று. அவர் தங்கியது உச்சி மாடியில் ஒரு சின்ன அறை. குளிர்காலத்தில் முகம் கழுவ வைத்த தண்ணீரே இரவில் உறைந்துபோகும். இருக்கிற துணிகளை எல்லாம் போர்வைமேல் அடுக்கிக்கொண்டு தூங்குவார். படிப்பு மும்முரத்தில் சாப்பிடவும் மறந்துவிடுவார்.

1893-ல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலிடம். 1894-ல் கணிதத்தில் இரண்டாமிடம். அந்த ஆண்டில்தான் பியரி கியூரி என்ற அமைதியான விஞ்ஞானியைச் சந்தித்தார். 1895 ஜூலையில் இருவருக்கும் திருமணம் நடந்தது. புதுமணத் தம்பதி சைக்கிளில் ஏறி, பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களைச் சுற்றி வந்தார்கள்! 1897-ல் ஐரின் என்ற பெண் குழந்தை பிறந்தாள். தாத்தா, அதாவது பியரியின் அப்பா, குழந்தையைப் பார்த்துக்கொண்டதால் மேரியால் ஆராய்ச்சியைத் தொடர முடிந்தது.

கண்ணுக்குத் தெரியாத புதுப் பொருள்

1896-ல் ஹென்றி பெக்கரல் என்ற விஞ்ஞானி, யுரேனியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வருவதைக் கண்டறிந்தார். அதைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேரி அதையே தம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்.

இந்தக் கதிர்கள் காற்றில் பாய்ந்தால், அந்தக் காற்று வழியே மிகச் சிறிதளவு மின்சாரம் ஓடும். அதை அளக்க, பியரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் முன்பே உருவாக்கிய நுட்பமான கருவி கைகொடுத்தது. கிடைத்த தாதுக்களை எல்லாம் வாங்கி வந்து ஒவ்வொன்றாக அளந்தார் மேரி. பிட்ச்பிளெண்ட் என்ற கறுப்புத் தாதுவின் முறை வந்தபோது ஓர் ஆச்சரியம்! யுரேனியம் எடுக்கப்படுவதே அந்தத் தாதுவிலிருந்துதான். ஆனால், சுத்தமான யுரேனியத்தைவிடப் பல மடங்கு அதிகக் கதிர்கள் அதிலிருந்து வந்தன.

கருவியில் கோளாறோ? திரும்பத் திரும்ப அளந்தார். கோளாறு இல்லை. அப்படியானால், யாரும் இதுவரை அறியாத ஒரு தனிமம் அந்தத் தாதுவுக்குள் ஒளிந்திருக்க வேண்டும். பியரியும் தம் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மனைவியுடன் சேர்ந்துகொண்டார். 1898 ஜூலையில் ஒரு புதிய தனிமத்தை அறிவித்தார்கள். அடிமைப்பட்டுக் கிடந்த தாய்நாட்டின் நினைவாக அதற்குப் பொலோனியம் என்று பெயர் வைத்தார் மேரி. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்றை அறிவித்தார்கள். அதுதான் ரேடியம்.

ஆனால், வேதியியலாளர்கள் அவ்வளவு எளிதில் நம்பிவிடுவார்களா? கதிர் வருகிறது என்றால் போதாது; பொருளைக் கண்ணில் காட்ட வேண்டும், அதன் அணு எடையைச் சொல்ல வேண்டும். மேரியிடம் இருந்ததோ பேரியம் என்ற சாதாரண உலோகத்தின் உப்பு. ரேடியம் அதற்குள் எங்கோ கலந்து கிடந்தது. அந்த உப்பை வைத்து அணு எடை பார்த்தால், பேரியத்தின் 137-தான் வந்தது. ரேடியம் அவ்வளவு குறைவு!

ஒழுகும் கொட்டகை

பியரி வேலை பார்த்த கல்லூரியின் முற்றத்தில் பழைய மரக் கொட்டகை ஒன்று கிடந்தது. முன்பு மருத்துவ மாணவர்கள் பிணங்களை அறுத்துப் பாடம் படித்த இடம் அது. கண்ணாடிக் கூரை, மழை பெய்தால் ஒழுகும். கோடையில் வேகும், குளிர்காலத்தில் விறைக்கும். அதுதான் இவர்களுக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம்.

பிட்ச்பிளெண்ட் விலை அதிகம். ஆனால், ஆஸ்திரியப் பேரரசின் யோகிம்ஸ்தால் சுரங்கத்தில், யுரேனியத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைக் காட்டில் கொட்டி வைத்திருந்தார்கள். அந்த ஊர் இன்று செக் குடியரசில் இருக்கிறது. யாருக்கும் வேண்டாத அந்தக் கழிவு இவர்களுக்குப் பொக்கிஷமாகத் தெரிந்தது. பைன் மர ஊசியிலைகள் கலந்த பழுப்பு மண், மூட்டை மூட்டையாகப் பாரிஸ் வந்து இறங்கியது.

ஒரு தடவைக்கு 20 கிலோ மண்ணை எடுத்துக் கொதிக்க வைப்பார் மேரி. ஏறக்குறைய அவர் உயரத்துக்கே இருந்த இரும்புக் கம்பியால் மணிக்கணக்கில் கிளறுவார். கண்ணை எரிக்கும் புகை வரும் என்பதால், பெரும்பாலும் திறந்த முற்றத்தில்தான் இந்த வேலை. மழை வந்தால் எல்லாவற்றையும் உள்ளே இழுக்க வேண்டும். மாலையில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். 1900-லிருந்து செவ்ர் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தும் வேலையும் சேர்ந்துகொண்டது.

ஒரு டன் கழிவைக் காய்ச்சி, கழுவி, வடிகட்டி முடித்தால், பேரியமும் ரேடியமும் கலந்த குளோரைடு உப்பு சுமார் 8 கிலோ கிடைக்கும். இனிதான் உண்மையான சோதனை!

கற்கண்டு சொல்லும் ரகசியம்

கற்கண்டு எப்படி உருவாகிறது தெரியுமா? சூடான தண்ணீரில் சர்க்கரை நிறையக் கரையும். ஆறிய தண்ணீரால் அவ்வளவு சர்க்கரையைத் தாங்க முடியாது. எனவே, கெட்டிப் பாகு மெல்ல மெல்ல ஆறும்போது, கூடுதல் சர்க்கரை படிகமாக வெளியே வந்துவிடும். அதுதான் கற்கண்டு.

படிகம் வளர்வதைப் பள்ளியில் காலை வணக்கத்துக்கு வரிசையில் நிற்பதோடு ஒப்பிடலாம். ஒரே மாதிரித் துகள்கள் வரிசை பிடித்து நிற்கும். பொருந்தாத வேற்றுத் துகள்களுக்கு வரிசையில் இடம் கிடைக்காது. அவை தண்ணீரிலேயே தங்கிவிடும். தண்ணீரை இறுத்துவிட்டால், படிகம் முன்பைவிடச் சுத்தமாக இருக்கும். மறுபடி சூடான நீரில் கரைத்து மறுபடி ஆற வைத்தால், இன்னும் சுத்தமாகும். இதற்கு மறுபடிகமாக்கல் என்று பெயர். மருந்து செய்யும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் இந்த முறை நடைமுறையில் உள்ளது.

சுலபம்தானே என்கிறீர்களா? மேரிக்கு ஒரு சிக்கல் இருந்தது. தனிம அட்டவணையில் பேரியத்துக்கு நேர் கீழே இருப்பது ரேடியம். இரண்டும் ஒரே குடும்பம். குணமும் ஏறக்குறைய ஒன்றுதான். பேரியம் வரிசையில் நின்றால், ரேடியமும் கூடவே நுழைந்து நின்றுவிடும்! ஒரே ஒரு சின்ன வித்தியாசம்தான் உண்டு. ரேடியம் குளோரைடு தண்ணீரில் கொஞ்சம் குறைவாகக் கரையும். ஆகவே, கரைசல் ஆறும்போது அது சற்று முந்திக்கொண்டு படிகத்துக்குள் வரும்.

அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார் மேரி. காய்ச்சி வடித்த நீரைக் கொதிக்க வைத்து, கரையும் மட்டும் உப்பைக் கரைத்தார். கிண்ணத்தை மூடி ஆற விட்டார். அடியில் அழகான படிகங்கள் ஒட்டிக்கொண்டன. மேலே நின்ற நீரை இறுத்து, இரண்டையும் அளந்து பார்த்தார். நீரில் இருந்த உப்பைவிடப் படிகத்தில் கதிர்வீச்சு சுமார் ஐந்து மடங்கு அதிகம்!

அப்படியானால், இறுத்த நீரைக் கீழே கொட்டிவிடலாமா? கூடாது, அதிலும் ரேடியம் மிச்சம் இருக்கிறதே! அதனால், பல கிண்ணங்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொரு முறையும் படிகம் ஒரு கிண்ணம் முன்னே போகும்; இறுத்த நீர் ஒரு கிண்ணம் பின்னே போகும். வரிசையின் முன்பக்கம் ரேடியம் சேர்ந்துகொண்டே வரும்; பின்பக்கம் பேரியம் ஒதுங்கிக்கொண்டே போகும். கடைசிக் கிண்ணத்து நீரில் கதிர்வீச்சு அநேகமாக இல்லை என்று கருவி காட்டினால் மட்டுமே அதை ஒதுக்குவார். பகுதி பகுதியாகப் பிரிக்கும் இந்த முறைக்குப் பின்னப் படிகமாக்கல் என்று பெயர்.

கரை, ஆற விடு, இறு, அள. மறுபடி கரை, ஆற விடு, இறு, அள. இப்படி ஆயிரக்கணக்கான முறை!

வேலை நெருங்க நெருங்கக் கிண்ணங்கள் சிறியதாயின. உள்ளே இருந்த பொருள் விலைமதிப்பில்லாததாயிற்று. கொட்டகையிலோ காற்று வழியே கரித்தூளும் இரும்புத் தூளும் பறந்து வந்து கிண்ணங்களில் விழுந்தன. பல நாள் உழைத்துச் சுத்தம் செய்த உப்பு மறுபடி அழுக்காகும். மேரி மறுபடியும் சுத்தம் செய்வார். நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்கும்வரை இந்த வேலையைத் தள்ளிப்போடலாமே என்று பியரிக்குக்கூடத் தோன்றியது உண்டு. மேரி விடவில்லை.

அவருக்குத் தெம்பு கொடுத்தது ஓர் எண். உப்பு சுத்தமாக ஆக, அதன் அணு எடை 140, 146, 174 என்று ஏறிக்கொண்டே வந்தது! இயூஜின் தெமார்சே என்ற விஞ்ஞானி அந்த உப்பின் நிறமாலையைப் பார்த்துச் சொன்னதும் நம்பிக்கை தந்தது. ரேடியத்தின் ஒளிக்கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. பேரியத்தின் கோடுகள் மங்கி வந்தன.

1902-ம் ஆண்டு. மேரியின் கையில் 0.1 கிராம் சுத்தமான ரேடியம் குளோரைடு இருந்தது. ஒரு சிட்டிகைகூட முழுசாக இல்லை! அணு எடை 225 என்று அளந்தார். இன்று நாம் அறிந்த அளவு 226. ஒழுகும் கொட்டகையில் எடுத்த அளவு, ஒன்றே ஒன்றுதான் தள்ளியிருந்தது. ரேடியம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அத்தோடு முற்றுப்புள்ளி விழுந்தது.

சில இரவுகளில் மேரியும் பியரியும் விளக்கு ஏற்றாமல் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்திருப்பார்கள். மேஜைமேலும் பலகைகள்மேலும் இருந்த கிண்ணங்களும் குப்பிகளும் இருட்டில் மெல்லிய நீல ஒளி வீசிக்கொண்டிருக்கும். உழைத்த களைப்பெல்லாம் அப்போது பறந்துவிடும்.

பணம் வேண்டாம்

புற்றுநோய்க் கட்டிகளைக் கரைக்க ரேடியம் உதவும் என்று தெரிந்ததும், அதன் விலை எங்கோ போனது. ரேடியத்தைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால், கியூரி தம்பதி கோடீஸ்வரர்கள் ஆகியிருக்கலாம். ஆனால், அறிவியல் எல்லோருக்கும் பொது என்று நினைத்தார்கள். முறையை ஒளிக்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்.

1903-ல் மேரி டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெக்கரல், பியரி, மேரி மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முதல் பெண் மேரிதான்.

1906 ஏப்ரல் 19. மழை நாள். பாரிஸ் தெரு ஒன்றில் குதிரை வண்டி மோதி பியரி இறந்துபோனார். இடிந்துபோனார் மேரி. அப்போது இரண்டாவது மகள் ஈவுக்கு ஒரு வயதுதான். கணவர் வகித்த பதவியைச் சோர்போன் பல்கலைக்கழகம் மேரிக்கு வழங்கியது. முதல் வகுப்பில் கூட்டம் அலைமோதியது. தம் துக்கத்தைப் பற்றி அவர் ஏதாவது பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தனர். மேரியோ, பியரி பாடத்தை விட்ட இடத்திலிருந்தே நடத்தத் தொடங்கினார். சோர்போனில் பேராசிரியரான முதல் பெண்ணும் அவரே.

1910-ல் ஆந்த்ரே தெபியெர்ன் என்பவருடன் சேர்ந்து, ரேடியத்தை உப்பாக இல்லாமல் உலோகமாகவே பிரித்தெடுத்தார். 1911-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு வந்தது. ஆனால், அதே ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. மிகச் சில ஓட்டுகளில் தோற்கடித்தது!

முதல் உலகப் போர் மூண்டபோது, எக்ஸ்-ரே கருவிகளைக் கார்களில் பொருத்திப் போர்முனைக்கு அனுப்பினார் மேரி. தாமே கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். மகள் ஐரினும் உடன் சென்று உதவினாள். உடம்பில் குண்டு எங்கே புதைந்திருக்கிறது என்று தெரிந்ததால், வீரர்கள் பலர் உயிர் பிழைத்தனர்.

போருக்குப் பிறகு மேரியிடம் ஆராய்ச்சிக்குப் போதுமான ரேடியம் இல்லை. வாங்கப் பணமும் இல்லை. அமெரிக்கப் பெண்கள் நன்கொடை திரட்டினர். 1921-ல் அமெரிக்க அதிபர் ஹார்டிங் கையால் ஒரு கிராம் ரேடியம் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. அதன் விலை அப்போது ஒரு லட்சம் டாலர்!

ரேடியம் எடுத்த விலை

ரேடியம் நோயைத் தீர்த்தது. ஆனால், பாதுகாப்பு இல்லாமல் தொட்டவர்களை அதே ரேடியம் நோயாளியாகவும் ஆக்கியது. அந்த ஆபத்து ஆரம்பத்தில் யாருக்கும் முழுமையாகத் தெரியாது. மேரியின் விரல் நுனிகள் புண்ணாகித் தடித்துப்போயின. கண்பார்வை மங்கியது. உடம்பில் புது ரத்தம் ஊறாத நோயால், 1934 ஜூலை 4-ம் தேதி, 66 வயதில் காலமானார். பல ஆண்டுகளாக உடம்பில் பட்ட கதிர்வீச்சுதான் காரணம் என்று மருத்துவர்கள் கருதினர். இன்று கதிர்வீச்சுப் பொருட்களைக் கையாள்பவர்கள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, அளவு பார்த்து வேலை செய்கிறார்கள். அந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொள்ள மேரி போன்றவர்கள் கொடுத்த விலை பெரிது.

அவர் இறந்த மறு ஆண்டே, 1935-ல், மகள் ஐரினும் மருமகன் ஃபிரெடெரிக்கும் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். 96-வது தனிமத்துக்கு, கியூரி தம்பதியின் நினைவாகக் கியூரியம் என்று பெயர் வைத்தார்கள். 1995-ல், பிரான்சின் மாமனிதர்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்கு மேரி, பியரி இருவரின் உடல்களும் மாற்றப்பட்டன. தம் சொந்தச் சாதனைக்காக அங்கே இடம்பெற்ற முதல் பெண் மேரி.

கொட்டகையில் அவர் எழுதிய ஆய்வுக் குறிப்பேடுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், ஈயப் பெட்டிக்குள்! அந்தக் காகிதங்களில் ரேடியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். நூற்றாண்டு கடந்தும், மேரி கியூரியின் கைபட்ட பக்கங்கள் இன்னும் கதிர் வீசிக்கொண்டுதான் இருக்கின்றன, குட்டீஸ்!